வெற்றுப் பதிலுக்குத் திறந்த கதவு

ஃபர்ம்வேரின் (சாதனத்துக்குள்ளேயே பதிந்துவரும் நிரல்) மூலநிரலை மூடி வைத்தால் பாதுகாப்பு என்பவர்களுக்கு நான் காட்டுவது 2017 மே மாதம் வெளிவந்த இன்டெல் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி ஓட்டையைத்தான். இந்த டெக்னாலஜி, கணினியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க அதன் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் நிரல். இயங்குதளம் உறங்கினாலும் 16992 என்ற நெட்வொர்க் போர்ட்டில் விழித்திருக்கும்.

உள்ளே நுழைய, பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட 32 எழுத்துப் பதிலை உலாவி அனுப்ப வேண்டும். சாதனம் தானும் கணக்கிட்டு ஒப்பிடும். எத்தனை எழுத்துவரை ஒப்பிடுவது? அந்த எண்ணை, வந்த பதிலின் நீளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். பதிலை வெறுமையாக அனுப்பினால் பூஜ்யம் எழுத்து ஒப்பிடப்படும். பூஜ்யம் எழுத்தில் வித்தியாசம் ஏது? அட்மின் ஆகிவிடலாம். பதிப்பு 6 முதல் 11.6 வரை இதே கதை.

திறந்த நிரலாக இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்களா? சொல்ல முடியாது. ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை திறந்த நிரலிலேயே இரண்டு வருடம் கிடந்தது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். இந்த நிரல் ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சின், இன்டெல் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும். அந்தத் திருத்தமும் கணினி தயாரிப்பாளர் வழியாக வர வேண்டும். அவர் உங்கள் மாடலைக் கைவிட்டிருந்தால், தவறு எந்த வரியில் என்று தெரிந்தும் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

ரவுட்டரில் இந்த நிலையை மாற்ற முடியும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ஃபர்ம்வேரைப் போடுமுன், அடியில் ஒட்டிய லேபிளில் ஹார்ட்வேர் பதிப்பைப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2 என்று வேறு வேறு சிப் இருக்கும்; பெரும்பாலும் தவறான பதிப்பின் கோப்பை ஏற்றி ரவுட்டர் செத்துப்போவது இங்கேதான். இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்றது) சரிபாருங்கள். வைஃபையில் அல்ல, கேபிளில் ஏற்றுங்கள். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து மாறும்போது பழைய அமைப்புகளைக் கொண்டுவராதீர்கள். முதலில் பூட் ஆகும்போது ரூட்டுக்கு பாஸ்வேர்டே இருக்காது, இணைய கேபிளைச் செருகுமுன் வைத்துவிடுங்கள். பிறகு புதுப்பிப்பு உங்கள் பொறுப்பு. மூன்று வருடம் தொடாத ஓபன்டபிள்யூஆர்டியும் ஓட்டைப் பானைதான்.

இத்தனைக்குப் பிறகும் வைஃபை சிப்புக்குள் மூடிய ஃபர்ம்வேர் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். ஏடிஹெச்10கே என்ற வைஃபை டிரைவருக்கு அது இல்லாமல் ஆகாது. அதற்கு முந்தைய ஏடிஹெச்9கே-க்குத் தேவையில்லை, ஆனால் பழைய வைஃபை 4-ஓடு திருப்திப்பட வேண்டும்.