சும்மா நிற்கிற வண்டி

ஜூன் 9, 2025

காலை பாட்டரி 12.2 வோல்ட். வியாழக்கிழமை 12.7 இருந்தது. நாலு நாளாக, கட்டில் போட்ட வண்டியை யாரும் தொடவில்லை. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பாட்டரி, பாதி காலி. விளக்கு எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை, ஃப்ரிட்ஜுக்கு இன்னும் கனெக்‌ஷனே கொடுக்கவில்லை. புளிய மரத்தடியில் சும்மாதான் நிற்கிறது.

போன் வரவில்லை.

ஜூன் 10

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்து, போகிற கரண்டை அளக்க வேண்டும். வைத்தேன். சிவப்பு வயரை மில்லி ஆம்ப் ஓட்டையில் சொருகியது என் புத்தி. மீட்டருக்குள் பியூஸ் போச்சு. சுண்டு விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடி பியூஸ். அதற்காகத் திருவையாறு போய் வர அரை நாள். கடைப் பையன் சொல்கிறான், "தெரியாத லோடுன்னா முதல்ல பத்து ஆம்ப்ல போடுங்க சார்." முப்பது வருஷம் மோட்டார் கட்டியவனுக்கு.

ஜூன் 11

0.83 ஆம்ப்.

ஒரு நாளைக்கு இருபது ஆம்பியர்-அவர். நாலு நாளைக்கு எண்பது. கணக்கு அப்படியே உட்காருகிறது. இதில் ஏன் இத்தனை சந்தோஷம் என்று புரியவில்லை.

அப்பா திண்ணையிலிருந்து, "நிக்கிற வண்டி என்னத்தடா திங்குது?" சொன்னேன். "கட்டிப்போட்ட மாட்டுக்கும் வைக்கோல் வேணும்ல" என்றார். இரண்டு இட்லி வைத்தேன். அரை இட்லி உள்ளே போனது.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள். அங்கே இருந்திருக்க வேண்டும்.

பேப்பரைப் பிரித்தால் முதலில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிற அப்பா, இந்த வயசு வரைக்கும் அந்த அணையை நேரில் பார்த்ததில்லை. வண்டியில் கட்டில் போட்டதே அதற்குத்தான். டிவியில் மதகு வழியாகத் தண்ணீர் விழுந்தபோது பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்க போய் என்ன, அதான் இங்க வருதே" என்றார். எனக்காகச் சொன்னது.

ஜூன் 13

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பேன் என்றுதான் உட்கார்ந்தேன். பிடுங்கவே வேண்டாம். பிளேடு பியூஸின் முதுகில் இரண்டு புள்ளி உலோகம் வெளியே தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டிலும் தொட்டால் போதும். சைபர் என்றால் அந்த வழியில் ஒன்றும் போகவில்லை.

முதலில் இன்வெர்ட்டர். பிளக்கில் எதுவும் இல்லை, ஆனால் ஆனில் கிடக்கிறது. சும்மா விழித்திருக்கவே அரை ஆம்ப் கேட்கிறது. அணைத்ததும் 0.32.

அடுத்தது ஸ்டீரியோ. இதில் எனக்குக் கோபம். மஞ்சள் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கணும், நேரமும் ஸ்டேஷனும் மறக்காமல் இருக்க. சிவப்பு சுவிட்ச் வழியாக வரணும். மாட்டிக் கொடுத்தவர் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டார். மூஞ்சி அணைந்து கிடக்கிறது, உள்ளே தூங்கவே இல்லை. டேப்பைப் பிரித்தபோது பசை விரலெல்லாம் ஒட்டியது. வயர்களைப் பிரித்தேன். 0.11.

சாப்பிட மறந்துவிட்டேன். அப்பா கேட்கவில்லை. அவருக்கும் பசியில்லை.

ஜூன் 14

சனிக்கிழமை. லேப் மதியத்தோடு மூடிவிடுவார்கள். போன் வரவில்லை.

ஜூன் 15

கல்லணை திறப்பு. பூவும் நெல்லும் தூவினார்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் வண்டிக்குள் போனேன். சார்ஜிங் சாக்கெட்டின் நீல வெளிச்சம் 0.02. அதை அவிழ்த்தாயிற்று. மிச்சம் 0.09. எது என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். காஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி. நானே மாட்டியது. உள்ளே ஒரு சின்னக் கம்பி எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காஸை அதற்குத் தெரியாது.

அம்மா போனதிலிருந்து அப்பா பால் வைத்துவிட்டு அடுப்பை மறக்கிறார். இது திங்கட்டும். இது ஒன்று மட்டும் என்றால் பாதி இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போட்டேன்.

ஜூன் 17

தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் குடமுருட்டிப் பாலத்தடியில். முதலில் சத்தமே இல்லை. சருகும் நுரையும் ஒரு செருப்பும் முன்னால் வர, பின்னால் நாக்கு மாதிரி மணலில் நக்கிக்கொண்டே வந்தது. மணல் குடித்துக் குடித்து, கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்தது. எறும்புகள் முட்டையோடு மேலேறின. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக் காலை வைத்தார். கை எடை இவ்வளவுதானா.

"குறுவைக்கு வெதை விட்டுடலாம்" என்றார். நிலத்தை ஒத்திக்கு விட்டு ஆறு வருஷம்.

ஜூன் 18

12.7.

ஜூன் 19

12.7. அசையவில்லை.

பத்தரைக்குப் போன் வந்தது. ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்புங்கள் என்றேன். நேரில் வாங்க, அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க என்கிறார்கள். நம்ம வண்டியிலேயே போயிடலாம்டா என்கிறார் அப்பா. வெள்ளை வேட்டி தேடிக்கொண்டிருக்கிறார்.