தாத்தா போன்

"அத்தை, எங்க ஸ்கூல் பேருக்கு ஸ்பெல்லிங் சொல்லுங்க"ன்னா அண்ணன் பொண்ணு. மூணாங்கிளாஸ். ஹோம்வொர்க்னு எட்டிப் பாத்தா, கேம் சாட்ல எவனோ எந்த ஸ்கூல்னு கேட்டிருக்கான், இவ பாதி டைப் பண்ணிட்டா!

திட்டல, போனைப் புடுங்கல. புடுங்கினா அடுத்த தடவ நம்மகிட்ட ஸ்பெல்லிங் கேக்கவே மாட்டா.

ரெண்டு பேருமா உக்காந்து அந்த ஆளை பிளாக் பண்ணி, செட்டிங்ஸ்ல சாட்டையே ஆஃப் பண்ணோம்.

கூத்து என்னன்னா, அவ டேப்ல அண்ணன் ஃபேமிலி லிங்க் (புள்ளைங்க போன், டேப் யூஸ் பண்றத பெத்தவங்க கண்ட்ரோல் பண்ற கூகுள் ஆப்) போட்டு டைம் லிமிட் எல்லாம் வச்சிருக்கான். ஆனா இது தாத்தா போன். லாக்கே கிடையாது. நெறைய வீட்ல புள்ளைங்க கையில சுத்துறது இந்த போன்தானே?

எங்க அப்பாகிட்ட, அதான் அவ தாத்தாகிட்ட, சொல்லி யூடியூப் கிட்ஸ் போட்டாச்சு, பிளே ஸ்டோர்ல பாஸ்வேர்ட் இல்லாம எதுவும் வாங்க முடியாதபடி மாத்தியாச்சு.

யாராச்சும் புள்ளைய மிரட்டினா, போட்டோ கேட்டா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு கூப்பிடுங்க. ஃப்ரீ நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க.