ஆறு மணி கேட்

பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை கார்களை விட மாட்டார்கள். இவருக்கோ ரிட்டயர் ஆகியும் ஐந்தே முக்காலுக்கே கேட்டில் நிற்க வேண்டும், ஆபீஸ் பழக்கம். குண்டல்பேட்டையில் என் தூக்கமும் போச்சு, காபியும் போச்சு.

வழியெல்லாம் புள்ளிமான்கள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெப்பக்காட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தாய் யானை சாலையை மறித்து நின்றது, காலடியில் குட்டி. கண்ணாடியை ஏற்றிவிட்டு, தள்ளியே நின்றோம். ஓரத்துப் புல்லைக் குட்டி தும்பிக்கையால் சுருட்டப் பார்த்தது, நழுவியது, மறுபடி சுருட்டியது.

“ரிவர்ஸ் எடுங்களேன்” என்றேன், பயத்தில்.

“இரு, அது சாப்பிடட்டும்.”

நான் சாப்பிட்டு முடிக்க ஒருநாளும் இப்படிக் காத்திருந்ததில்லை மனுஷர்! அப்புறம் மசினகுடியில் இட்லி, எனக்கு இரண்டு செட்.