எட்டுக் கேள்விகளோடு வீடு வீடாக

வீடுகளுக்குப் போய்ச் சர்க்கரை நோயாளிகளையும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களையும் பார்ப்பது என் வேலை. நம்முடையதிலிருந்து வேறுபட்ட நம்பிக்கை, பழக்கவழக்கம், மொழி உள்ள நோயாளிகளைப் புரிந்து கவனிக்கக் கற்றுத்தரும் பண்பாட்டுத் திறன் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பணியைத் தொடரலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி அதற்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் தருவார்கள். 'பிறருடைய நம்பிக்கைகளை மதிக்கிறேன்' என்பது போன்ற வரிகளுக்கு நமக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். தன்னைத்தானே யார் குறைத்துப் போட்டுக்கொள்வார்? மளமளவென்று நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பில் சூடு பிடித்தது, பண்பாட்டு வேறுபாட்டை எப்படிக் கையாளுகிறோம் என்பதை அளக்க அமெரிக்கச் சமூகப் பணியாளர் டெர்ரி கிராஸும் அவருடைய சகாக்களும் 1989இல் முன்வைத்த ஆறு படிகளைப் பேசியபோதுதான். பண்பாட்டை அழிக்கும் போக்கு அடிப்படி, முழுத் தேர்ச்சி மேல்படி. 'நான் யாரையும் வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லாரும் எனக்கு ஒன்றுதான்' என்பது மூன்றாம் படியில் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பண்பாட்டுக் குருட்டுத்தன்மை. பல வருடம் சர்வீஸ் போட்ட அக்கா ஒருவர் எழுந்து, "பாகுபாடு பாக்காம இருக்கறது தப்பா?" என்று கேட்டார். பயிற்சியாளர் சொன்ன பதில் எனக்குச் சரியாகப் பட்டது: எல்லாருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுத்தால், அது யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

பிறகு, இந்தச் சமூகத்தார் இப்படி, அந்தச் சமூகத்தார் அப்படி என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே மாதிரி யோசிப்பதில்லையே! பண்பாட்டை இப்படிக் குணப் பட்டியலாகச் சுருக்குவதை மானுடவியலாளர்களான ஆர்தர் கிளைன்மன், பீட்டர் பென்சன் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரையிலேயே கண்டித்திருக்கிறார்கள். அதற்கும் முன்பு, 1998இல், டெர்வலோன், முர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்பதை முன்வைத்தார்கள்: கற்று முடித்தாயிற்று என்று ஒரு நாளும் நினைக்காமல், தன்னையும் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொள்வது.

மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும் பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும், வாக்கியங்கள் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லவே கூடாது. கர்ப்பப்பை ரத்தப்போக்கைப் பற்றி மகன் வழியாக எந்த அம்மா பேசுவார்? கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "இந்த மாத்திரைய எப்படிப் போடப்போறீங்கன்னு எனக்கு ஒரு தடவ சொல்லுங்கம்மா" என்றால்தான் விஷயம் வெளிவரும்.

கடைசிக் கட்டம் மேற்பார்வையாளர் உடன்வரும் வீட்டு விசிட். கிளைன்மனும் உடன் எழுதியவர்களும் 1978இல் கொடுத்த எட்டுக் கேள்விகளை அங்கே பயன்படுத்த வேண்டும். இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது தொடங்கியது, எந்த மாதிரி சிகிச்சை தேவை என்று நினைக்கிறீர்கள், இதில் எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள் என்று போகும் அந்த வரிசை.

எனக்குக் கிடைத்தவர் வயதான ஒரு ஐயா. கோப்பில் 'ஒத்துழைக்காத நோயாளி, இன்சுலின் மறுக்கிறார்' என்று எழுதியிருந்தது. முதல் கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவர், பயத்தைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந் தம்பிக்கு ஊசி ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்லயே கால எடுத்துட்டாங்கம்மா." அவர் கணக்கில் ஊசிதான் காலைத் தின்றது. இதை எந்தச் சமூகப் பட்டியலிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

மறுத்துப் பேச வாய் வந்தது. ஆனால் முழுக்கக் கேள், உன் பார்வையைச் சொல், வேறுபாட்டை ஒப்புக்கொள், பரிந்துரை செய், பேசி முடிவுக்கு வா என்பதுதான் வேறு பண்பாட்டு நோயாளிகளோடு பேசுவதற்கு 1983இல் பெர்லின், ஃபவுக்ஸ் என்ற இருவர் சொன்ன வரிசை. முழுவதும் கேட்டேன். பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்திருக்கும், ஊசி வந்தது அதற்குப் பிறகாக இருக்கலாம் என்றேன். உடனே அவர் ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. வீட்டிலேயே சர்க்கரை அளந்து எழுதி வைக்கவும், டாக்டரிடம் தம்பியின் கதையைத் தானே சொல்லவும் ஒப்புக்கொண்டார். சான்றிதழுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பயிற்சியில் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு: நேரம். ஒரு விசிட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் எட்டுக் கேள்வியும் அடங்காது, பதிலை எழுதப் படிவத்தில் இடமும் கிடையாது. பின்பக்கத்தில் எழுதிவைக்கிறேன், அடுத்து போகிறவருக்குக் கண்ணில் படட்டும் என்று. அவசரமான நாளில் முதல் கேள்வியையும் பயத்தைப் பற்றிய கேள்வியையும் மட்டும் கேட்டுவிட்டு, மற்றதை அடுத்த விசிட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.