ஏறுவதற்குத்தான் மின்சாரம்

மாடிக்கு லிஃப்ட் வைக்கலாம் என்று முடிவான அன்றே, அதற்குத் தோதான இடம் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்பதும், அதை ஒட்டியே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. கயிற்றில் இழுக்கும் வழக்கமான லிஃப்டுக்கு நான்கைந்து அடி ஆழத்தில் குழி கேட்டார்கள். அவ்வளவு தோண்டினால் தொட்டிச் சுவர் நிற்காது என்று கொத்தனார் கடப்பாரையைத் தொடவே மறுத்துவிட்டார். ஓர் அடிக் குழியும், மாடிப்படிக்குக் கீழே ஒரு பீரோ வைக்கும் அளவு இடமும் போதும் என்பதால்தான் ஹைட்ராலிக் லிஃப்டுக்கு வந்து சேர்ந்தோம்.

இதன் வேலை எளிமையானது. எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், எண்ணெயை சிலிண்டருக்குள் அழுத்துகிறது; சிலிண்டரிலிருந்து எழும் தண்டின் உச்சியில் உள்ள கப்பியைச் சுற்றிக் கம்பிக்கயிறு போவதால், தண்டு ஓர் அடி உயர்ந்தால் கேபின் இரண்டடி உயர்கிறது. ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில் நான்கு பேருக்கு 272 கிலோ. கேபினையும் சேர்த்தால் எங்கள் லிஃப்டில் ஏறத்தாழ 620 கிலோ. கப்பியின் கணக்கால் தண்டின் மேல் அது இரட்டிப்பாகி 1,240 கிலோ ஆகிறது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் குறுக்குப் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர் என்பதால், சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் இருந்தாலே எல்லாம் மேலே போய்விடும். தரைத்தளத்திலிருந்து மாடி வரை 3.3 மீட்டர்; நொடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் 22 நொடிகள் ஆகின்றன. அவசரக்காரர்கள் படியிலேயே போகலாம்.

இறங்கும்போது மோட்டார் ஓடுவதில்லை. வால்வு திறந்தால் கேபின் தன் எடையாலேயே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பித் தள்ளிக்கொண்டு மெல்ல இறங்குகிறது. மின்சாரம் போனால் ஒரு சிறிய பேட்டரி அந்த வால்வைத் திறந்துவிடும். பேட்டரியும் கைவிட்டால், எண்ணெய்த் தொட்டிப் பெட்டியில் உள்ள கை வால்வை அழுத்தி இறக்கலாம். எண்ணெய்க் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்பதுதான் என் மனைவியின் முதல் கேள்வி. சிலிண்டரின் வாயிலேயே இன்னொரு வால்வு இருக்கிறது. எண்ணெய் அளவுக்கு மீறிய வேகத்தில் வெளியேறினால் அது தானே அடைத்துக்கொள்ளும், கேபின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் லிஃப்ட் இறங்கியது, ஆனால் ஏற மறுத்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது. பம்பின் உறுமல் மட்டும் கேட்கவில்லை. வால்வு பழுது, புதிது மாற்ற வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார் நிறுவனத்து ஊழியர். அன்று காலை போர் மோட்டாரும் வழக்கத்தைவிடக் குறைவாகத் தண்ணீர் இறைத்ததை நான் கவனித்திருந்தேன். முந்தைய நாள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்திருந்தது. மின்சாரம் வரும் மூன்று வயர்களின், அதாவது மூன்று பேஸ்களின், வரிசை மாறினால் மோட்டார் பின்பக்கமாகச் சுழலும். போர் மோட்டார் அப்படித்தான் சுழன்றுகொண்டிருந்தது. லிஃப்டிலோ, வரிசை மாறினால் பம்பை ஓடவிடாமல் தடுக்கும் ரிலே ஒன்று உண்டு. எலக்ட்ரீஷியன் வந்து மெயினில் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் பூட்டியதும் இரண்டும் சரியாகிவிட்டன. வால்வுக்கான விலைப்புள்ளி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

வாங்கும்போது சொல்லாமல் விடப்பட்டவையும் உண்டு. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, லிஃப்டை நிறுவும் முன் அனுமதியும், இயக்கும் முன் உரிமமும் மின் ஆய்வுத் துறையிடம் பெற வேண்டும். வீட்டுக்குள் வைப்பதற்கு அதெல்லாம் எதற்கு என்று விற்க வந்தவர் சிரித்தார். இரவில் மாடியில் நிறுத்திய கேபின், எண்ணெய் குளிர்ந்து சுருங்குவதாலும் வால்வில் நுண்ணிய கசிவு இருப்பதாலும், ஓரிரு விரற்கிடை தாழும் என்பதையும் நாங்களாகத்தான் கண்டுகொண்டோம். தானாக மட்டம் சரிசெய்யும் வசதியை அணைத்து வைத்தால், காலையில் முதலில் ஏறுபவருக்கு வாசலில் கால் இடறும். தொட்டியின் ஈரம் குழிக்குள் கசிந்ததால், அடுத்த கோடையில் குழியை உலர்த்தி, நீர்க்காப்புப் பூச்சு பூச வேண்டியதாயிற்று. புதுக் கட்டுமானமாக இருந்தால் கான்கிரீட் போடும்போதே அதை முடித்துவிடலாம்.

பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மாதத்தின் முதல் ஞாயிறன்று காலிக் கேபினை மாடிக்கு அனுப்பிவிட்டு மெயினை அணைக்கிறேன். இந்த மாதம் கேபின் ஒழுங்காக இறங்கி வந்தது. உள்ளே இருக்கும் அவசர விளக்குதான் எரியவில்லை.