எழுபது வளைவும் ஒரு பலாப்பழமும்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வண்டி, கையுறை, ஹெல்மெட்டின் உள்பஞ்சு எல்லாவற்றிலும் பலாப்பழ வாசனை. ஆபீசில் பக்கத்து சீட்காரர் இரண்டு தடவை என் பையை எட்டிப் பார்த்துவிட்டார். கேட்கத்தான் இல்லை.

பழைய ஸ்பிளெண்டர் பைக்கைக் கொடுத்துவிட்டு, டாமினார் 400 என்கிற நெடுந்தூரப் பயண (டூரிங்) பைக் எடுத்திருக்கிறேன். (ஸ்பிளெண்டரை வாங்கினது சின்ன மச்சினன். பணம் இன்னும் வரவில்லை. அது தனிப் பதிவு.) 97 சிசியிலிருந்து 373 சிசிக்குத் தாவுகிறவனுக்கு முதலில் உறைப்பது வேகம் இல்லை, செயின். ஸ்பிளெண்டரில் அது மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கும். உள்ளே உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருஷத்தில் நான் விசாரித்ததே இல்லை. இதில் வெட்டவெளியில் ஓடுகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை க்ளீனர் அடி, பிரஷ் போடு, துடை, செயின் எண்ணெய் (லூப்) அடி. வீட்டில் பழைய டூத் பிரஷ்ஷுக்கு இப்போது பெரிய தட்டுப்பாடு. "பெத்த புள்ளைக்கு ஒருநாள் எண்ணெய் தேய்ச்சு விட்டதில்ல, இதுக்கு உக்காந்து தேய்க்கிறான்" என்று அம்மா பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டூரிங் வண்டி வாங்கினால் பாதிச் சந்தோஷம் அதற்கு என்னென்ன மாட்டலாம் என்று யோசிப்பதில்தான் இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து இந்த வண்டிக்குக் காற்றைத் தடுக்க உயரமான வைசர், கைக்கு கார்டு, பின்னால் கேரியர், சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட், யூஎஸ்பி சார்ஜர் என்று கம்பெனியே மாட்டித் தந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அவர்களே செய்துவிட்டால் மனுஷன் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வான்? ஆகவே முதுகுவலிக்கு, ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டேன். ரேடியேட்டருக்கு வலை. போன் ஸ்டாண்டுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் அடாப்டர். பைக் அதிர்வில் ஐபோன் கேமரா கெட்டுப்போகலாம் என்று 2021-இல் ஆப்பிளே சொல்லிவிட்டது. என்னுடையது ஐபோன் இல்லை என்பதை இங்கே யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பையன் சத்தம் போடுகிற சைலென்சர் கேட்டான். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் அபராதம், ஜெயிலுக்கும் வழியிருக்கிறது என்றேன். "ஐயாயிரந்தானப்பா?" என்றான். எதிர்வீட்டு வாத்தியார் தன் பங்குக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டுப் போனார். அப்பா 'முருகன் துணை' ஸ்டிக்கரை வைசரில் ஒட்டினார், சரியாக என் கண் பார்வைக்கு நேராக. நேஷனல் ஹைவேயை இப்போது 'மு'வுக்கும் 'ரு'வுக்கும் நடுவில்தான் பார்க்கிறேன்.

எல்லோரும் முதல் வேலையாகக் கழற்றிப்போடும் சேலை கார்டை மட்டும் நான் தொடவில்லை. தங்கமணியின் (என் மனைவிதான்) துப்பட்டா இரண்டரை மீட்டர், செயினோ திறந்த செயின். வண்டியின் அழகு கெடுகிறது என்று கழற்றுகிற வீரர்கள் பின்சீட்டில் யாரையும் ஏற்றாமல் இருப்பது நல்லது.

கடைசியாக டேங்குக்குப் பளபளப்பில்லாத மேட் பிலிம் ஒட்டினேன். ரைசரும் வலையும் அடாப்டரும் சேர்ந்து வந்த விலையை இது ஒன்றே விழுங்கியது. ஒட்டிய தம்பி, "அண்ணா, மெழுகு கூடாது, பாலிஷ் கூடாது, முக்கியமா தேய்க்கவே கூடாது. தேய்ச்சா அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆயிரும்" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

இப்படிச் சகல ஜோடனையோடும் கொல்லிமலைக்குப் போனோம். ராசிபுரம் தாண்டி அடிவாரத்துக் காரவள்ளி வரை தங்கமணிக்கு வண்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பேக்ரெஸ்ட் அப்படி. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நான் உடம்பை முறுக்கிக்கொண்டிருக்க, பின்னால் அவள் தங்கச்சியிடம் போனில் புளிக்குழம்புப் பக்குவம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில்தான் சனி பிடித்தது. மிளகு பார்க்கப் போனவள் பலாப்பழத்தோடு வந்தாள். பதிமூன்று கிலோ என்றார் கடைக்காரர். தூக்கிப் பார்த்தபோது அவர் மலைக் கிலோவில் சொன்னாரோ என்று தோன்றியது.

பக்கவாட்டுப் பையில் நுழையவில்லை. நுழைந்தாலும் ஒரு பக்கம் மட்டும் அவ்வளவு எடை வைத்தால் வண்டி இழுக்குமே என்றேன். "அப்ப அந்தப் பக்கத்துக்கு இன்னொரு பழம் வாங்கலாங்க" என்றாள். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். கேரியரில் கட்டலாம் என்று அவரே யோசனை சொன்னார். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் எடை தொங்கினால் முன்சக்கரத்தில் பிடிமானம் குறையும், வளைவில் ஆபத்து என்று தரையில் குச்சியால் படம் போட்டு விளக்கினேன். தங்கமணி பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, அப்ப முன்னாடி வைங்க."

படம் போட்டிருக்கக் கூடாது.

டேங்க் மேல் வைத்து, வலைக்கயிற்றால் இறுக்கினோம். முதுகுவலிக்காகப் போட்ட ரைசர் ஹேண்டிலைத் தூக்கியிருந்ததால், பழத்தின் மேல் இடிக்காமல் கடைசி வரை திரும்பியது. சந்தேகத்துக்கு நின்ற இடத்திலேயே மூன்று தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டேன். தங்கமணி இதைக் கவனித்துவிட்டு, "பாத்தீங்களா, எல்லாம் ஒரு காரணத்தோடதான் நடக்குது" என்றாள்.

இறங்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பிரேக் பிடித்தால் நான் முன்னால் சரிகிறேன். என் மேல் தங்கமணி சரிகிறாள். இரண்டு பேர் எடையோடு என் வயிறு போய்ப் பலாமுள்ளில் அமர்கிறது. ரைடிங் ஜாக்கெட்டில் தோளுக்குக் கவசம் உண்டு, முழங்கைக்கு உண்டு, முதுகுக்கும் உண்டு. வயிற்றுக்கு வைக்கவில்லை. இப்படி ஒரு பக்கத்திலிருந்து ஆபத்து வரும் என்று வெளிநாட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பிரேக்கைக் குறைத்து, கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கினேன். ஸ்லிப்பர் கிளட்ச் என்று இந்த வண்டியில் ஒன்று இருக்கிறது. சட்டென்று கியர் குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாது. ஷோரூமில் சொன்னபோது தலையாட்டினதோடு சரி, அன்றைக்குத்தான் அதற்குக் கும்பிடு போட்டேன். என்ன கியரில் போகிறேன் என்பது மட்டும் கடைசி வரை தெரியவில்லை. கியர் நம்பர் காட்டும் குட்டித் திரை டேங்க் மேல் இருக்கிறது. அதன் மேல் பழம்.

எதிரே பெரிய வண்டிக் கோஷ்டி ஒன்று ஏறி வந்தது. டூரிங் வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் இடது கையைத் தூக்குவது மரபு. நாற்பது சொச்சமாவது வளைவில் நான் கையைத் தூக்கினேன். பின்சீட்டுகளில் இருந்தவர்கள் போனைத் தூக்கினார்கள். அடுத்து நான்கைந்து வளைவுக்கு ஒரு குரங்கு சுவரோடு சுவராக எங்களுக்குத் துணை வந்தது. நிறுத்தினால் இறங்கிவிடும் என்று பயந்து, வயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் காரவள்ளி வரை இறக்கிவிட்டேன்.

வீட்டில் அம்மா பழத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, "அடி படல" என்றார். என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "அதெல்லாம் காலைல போயிரும்" என்றார்.

போகாதது டேங்கில் இருந்தது. காம்பிலிருந்து வழிந்த பால், மேட் பிலிமில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது. பலாப்பாலுக்கு அம்மாவிடம் ஒரே மருந்துதான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியுமாக வேலையை முடித்திருந்தார். பால் சுத்தமாகப் போய்விட்டது. அந்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது.

மறுநாள் காலை எழுந்து வந்தால் டேங்க் முழுவதும் மின்னுகிறது. திண்ணையில் அப்பா, கையில் அதே துணி. ஸ்பிளெண்டர் இருந்தவரை காலை ஆறு மணிக்கு வண்டி துடைப்பது அவர் வேலை. அது போனதிலிருந்து அந்த நேரத்துக்குப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். புது வண்டியை, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று, இதுவரை துடைக்கத் தொட்டதில்லை.

"ஒரு எடத்துல மட்டும் பளபளன்னு அசிங்கமா இருந்துச்சு கண்ணு. அதான் எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். பரவால்லயா?"

ஒட்டிய தம்பியின் முகமும் அவனுக்குக் கொடுத்த பணமும் ஒரு நொடி வந்து போயின. நல்லா இருக்குப்பா என்றேன். செயினையும் எப்படித் துடைப்பது என்று கேட்டார். பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன். குனிந்தபடியே, "அடுத்த தடவ போனா மிளகு மட்டும் வாங்கிட்டு வா. வெயிட்டு இருக்காது" என்றார்.