டர்ஹாம்: துறவியின் கல்லறையும் பேராயரின் சிம்மாசனமும்

வட இங்கிலாந்தில் இருக்கும் டர்ஹாம் ஸ்டேஷனில் இறங்கியதுமே எதிர்க் குன்றின் மேல் பேராலயம் தெரிந்துவிடுகிறது. பக்கத்திலேயே கோட்டை. மூன்று பக்கமும் வியர் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கோவிலும் கோட்டையும் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாக இந்த இடத்தை ஆண்டவர் ஒருவரே. அவர்தான் டர்ஹாம் பேராயர், அதாவது பிஷப்.

நியூகாசிலில் வேலை பார்க்கும் மகளோடு நானும் மனைவியும் போயிருந்தோம். எங்கள் குடும்பம் தலைமுறைகளாகத் திருநெல்வேலித் திருமண்டலத்தை (ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகளை) சேர்ந்தது. பிஷப் என்றால் எங்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனைக்கு வருகிறவர், தலையில் கை வைத்து ஜெபிக்கிறவர், அசனத்தில் முதல் பந்தியில் உட்கார்கிறவர். சொந்தப் படை வைத்திருந்த, சொந்தமாக நாணயம் அடித்த பிஷப்பை நாங்கள் எங்கே கண்டோம்!

இந்த அதிகாரமெல்லாம் வந்தது ஒரு துறவியின் பெயரால். பதவியே வேண்டாம் என்றவர் அவர். பெயர் கத்பர்ட். கடலுக்கு நடுவே ஃபார்ன் தீவில் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தவரை, அரசனே படகேறிப் போய்க் கெஞ்சி அழைத்து வந்து 685-இல் பக்கத்திலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் பேராயராக்கினார்கள். இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. மறுபடி ஃபார்ன் தீவுக்கே போய், 687 மார்ச் 20 அன்று இறந்தார். பதினொரு வருஷம் கழித்துச் சவப்பெட்டியைத் திறந்தபோது உடல் கெடாமல் இருந்தது என்று அக்காலத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் எழுதி வைத்திருக்கிறார்.

வைக்கிங் கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து 875-இல் துறவிகள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிண்டிஸ்ஃபார்னை விட்டுக் கிளம்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றி, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் நூறு வருஷத்துக்கு மேல் தங்கி, 995-இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் பெட்டி ஓர் இடத்தில் அசையாமல் நின்றுவிட்டதாம். காணாமல் போன தன் பழுப்பு நிறப் பசுவைத் தேடி வந்த ஒரு பெண்ணின் பின்னால் போய்த்தான் இந்தக் குன்றைக் கண்டுபிடித்தார்களாம். பசு இடம் காட்டிய கதையைக் கேட்டதும் என் மனைவி சிரித்துவிட்டாள். நம்ம ஊர்த் தல புராணம் எதையாவது எடுத்துப் பாருங்கள், இதே பசு அங்கேயும் நிற்கும்.

இப்போதுள்ள பேராலயத்துக்கு 1093-இல் அஸ்திவாரம் போட்டார்கள். நாற்பது வருஷத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தூண்கள்தான். ஒன்றில் சாய்சதுரக் கோடுகள், அடுத்ததில் அலை அலையாய் மடிப்புகள், எல்லாம் கல்லில் ஆழமாக வெட்டியவை. கையை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கை அந்தப் பள்ளத்துக்குள் அடங்கியது.

மேற்குக் கோடியில் தரையில் கறுப்புக் கல்லால் ஒரு கோடு, நடுவில் சிலுவை. துறவிகள் காலத்தில் பெண்கள் இதைத் தாண்டி வரக்கூடாது. "அம்மா, நீங்க இங்கேயே நில்லுங்க" என்று மகள் கேலி செய்தாள். அவள் தாண்டிப் போய் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள். இங்கிலாந்து திருச்சபையில் பெண் ஒருவர் பேராயராக 2015 வரை ஆனது. நம் தென்னிந்திய திருச்சபையில் 2013-லேயே நந்தியாலுக்குப் புஷ்பலலிதா அம்மையார் வந்துவிட்டார். அந்த விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பாடகர் பகுதியில் பேராயரின் ஆசனம் இருக்கிறது. ஆசனம் என்று சொன்னால் போதாது, படியேறிப் போய் உட்கார வேண்டிய சிம்மாசனம். பதினான்காம் நூற்றாண்டில் தாமஸ் ஹாட்ஃபீல்டு என்ற பேராயர் கட்டியது. கீழே அவருடைய கல்லறை, அதற்கு மேலே ஆசனம். ரோமில் போப்பின் ஆசனத்தை ஆள் அனுப்பி அளந்து வரச் சொல்லி, அதைவிட உயரமாகக் கட்டினார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறது.

அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்து எல்லை பக்கத்தில் இருக்கிறது. படையெடுப்பைத் தடுக்க அரசனுக்கு இங்கே பலமான ஓர் ஆள் வேண்டும். பிரபு ஒருவருக்குக் கொடுத்தால் அவர் மகன், பேரன் என்று வேரூன்றிவிடுவார்கள். பேராயருக்கு வாரிசு கிடையாது, அவர் இறந்தால் அடுத்தவரை நியமிப்பதில் அரசனின் கை இருக்கும். அதனால் நீதிமன்றம், நாணயச்சாலை, படை எல்லாம் அவரிடமே விடப்பட்டன. இங்கிலாந்துக்கு ராஜாக்கள் இரண்டு பேர், ஒருவர் கிரீடம் வைத்தவர், இன்னொருவர் டர்ஹாமில் பேராயர் முடி வைத்தவர் என்று அந்தோணி பெக் என்ற பேராயரின் காரியஸ்தர் பேசினாராம். எட்டாம் ஹென்றி இதைக் குறைத்தார். 1836-இல் பேராயர் வான் மில்டர்ட் இறந்ததோடு மிச்சமும் அரசிடம் போனது. அவர் காலத்தில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குத்தான் கோட்டை போனது. இப்போது அங்கே மாணவர்கள் தங்குகிறார்கள்.

கௌரவம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேன்டர்பரி, யார்க், லண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் ஆகிய ஐந்து ஆசனங்களுக்கு வருகிறவர்களுக்கு நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் நேராக இடம். முடிசூட்டு விழாவில் மன்னரின் வலப்பக்கம் நிற்பது டர்ஹாம் பேராயரின் உரிமை. 2023-இல் மூன்றாம் சார்லஸ் பக்கத்தில் நின்றவர் அப்போதைய பேராயர் பால் பட்லர். இந்த ஆசனத்தின் சின்னத்தில் பேராயரின் மேய்ப்பன் கோலுக்குக் குறுக்கே இன்றைக்கும் ஒரு வாள் இருக்கிறது.

பலிபீடத்துக்குப் பின்னால் சில படிகள் ஏறினால் கத்பர்ட் இருக்கும் இடம். பொன்னும் ரத்தினமுமாக இருந்த சன்னதியை ஹென்றியின் ஆட்கள் உடைத்துவிட்டார்கள். இப்போது தரையோடு தரையாக ஒரே ஒரு கற்பலகை. அதில் லத்தீனில் அவர் பெயர் மட்டும். பட்டம் இல்லை, ஆண்டு இல்லை. சுற்றிலும் மெழுகுவர்த்திகள். முழங்கால் போட்டு ஜெபித்தோம். பக்கத்தில் முதுகில் பையோடு ஒரு பையன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இங்கே யாரும் கழற்றச் சொல்வதில்லை. நானும் கழற்றினேன்.

சாயங்கால ஆராதனைக்கு இருந்தோம். பாடகர்கள் மரியாளின் கீதத்தைப் பாடினார்கள். ஆங்கிலமானாலும் என் காதில் தமிழாகவே விழுந்தது: "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்." அந்தச் சிம்மாசனத்துக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். மாலை ஆராதனை நடக்கிற நாளெல்லாம் இந்த வரியை அதன் முகத்துக்கு நேரே பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஹாட்ஃபீல்டு அதைக் கேட்டுக்கொண்டேதான் கட்டியிருப்பார் போல!

மறுநாள் பஸ் பிடித்து பிஷப் ஆக்லாண்டு என்ற ஊருக்குப் போனோம். பேராயர்கள் வாழ்ந்த அரண்மனை அங்கேதான், இப்போது காட்சியகம். பார்க்க நிறைய இருக்கிறது. யாக்கோபையும் அவர் பிள்ளைகளையும் ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் வரைந்த பெரிய படங்களை 1756-இல் பேராயர் டிரெவர் வாங்கி மாட்டியிருக்கிறார். ஆனால் நான் தேடிப் போனது வெஸ்ட்காட்டை. 1890 முதல் 1901 வரை பேராயர், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்த பெரிய அறிஞர். 1892-இல் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக் கிடந்து, தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரியாத நேரம். முதலாளிகளையும் தொழிலாளர் பிரதிநிதிகளையும் இந்த அரண்மனைக்கே அழைத்து, பேசி, ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். தொழிலாளிக்கு முழு வெற்றி இல்லை, பத்து சதவீதம் கூலி குறைந்தது. ஆனாலும் முதலாளிகள் கேட்டது அதைவிட அதிகம்.

அவர் பிள்ளைகளில் பலர் இந்தியாவுக்கு ஊழியத்துக்கு வந்தார்கள். ஒருவர் ஃபாஸ் வெஸ்ட்காட், 1919 முதல் 1945 வரை கல்கத்தாவில் இந்தியா முழுமைக்கும் தலைமைப் பேராயர். திருநெல்வேலித் திருமண்டலமும் அவருக்குக் கீழேதான் இருந்தது. அரண்மனைச் சிற்றாலயத்தில் தகப்பனாரின் கல்லறை இருக்கிறது. மனைவி பாமாலைப் புத்தகத்தைத் திறந்து ஒரு பாட்டு பாடலாம் என்றாள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சரணமும் பாடிவிட்டுத்தான் வந்தோம்.